காட்டுப் புதினா: இலை, பூ, தண்டு, வேர் எண்ணெய்கள் ஏன் ஒத்துப்போகவில்லை?

இளந்தளிர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை வேதியியல் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். ஆய்வுக்குக் காட்டுப் புதினாவை எடுத்துக்கொண்டேன். பூத்து நின்ற செடிகளை வேரோடு எடுத்து, நிழலில் உலர்த்தி, இலை, பூ, தண்டு, வேர் என்று நான்காகப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் 100 கிராம் எடுத்து, கிளெவெஞ்சர் என்ற எண்ணெய் வடிகலத்தில் மூன்று மணி நேரம் தனித்தனியாக வடித்தேன்.

இலைக்கு இளமஞ்சள் எண்ணெய் தெளிவான அடுக்காக மிதந்தது. பூவிலும் நன்றாக வந்தது. தண்டுக்குக் குழாயின் சுவரில் ஒட்டிய சில துளிகள் மட்டும்தான். வேருக்கு அடுக்கு என்று எதுவுமே இல்லை. குழாயை ஹெக்ஸேன் கரைப்பான் விட்டு அலசி, அந்தக் கரைசலைத்தான் ஜிசி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் கருவி) ஏற்றினேன்.

முடிவு இப்படி வந்தது. இலை எண்ணெயின் சேர்மங்களில் மென்தோனும் மென்தாலும் முன்னால் நிற்கின்றன. பூவில் அவை குறைந்து புலிகோனும் மென்தோஃபியூரானும் ஏறியிருக்கின்றன. தண்டில் மென்தோனின் சதவீதம் இலையைவிட அதிகம்! வேரில் கார்வோன் முதலிடம். "மென்தோனுக்குத் தண்டும் கார்வோனுக்கு வேரும் நல்ல மூலங்கள்" என்று முடிவுரை எழுதி வழிகாட்டியிடம் கொடுத்தேன். அவர் ஓரத்தில் "மறுபடி பார்க்கவும்" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறு என்று புரியவில்லை. ஒரே செடியின் உறுப்புகளுக்குள் இவ்வளவு வேறுபாடு வருமா?

செடிநோக்கி

வேறுபாடு வரும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. "காட்டுப் புதினா" என்று எதைச் சொல்கிறீர்கள்? இந்தப் பெயரை மக்கள் குறைந்தது மூன்று இனங்களுக்குச் சொல்கிறார்கள், மூன்றின் எண்ணெயும் வேறு. பூ எங்கே இருந்தது என்று நினைவிருக்கிறதா? தண்டின் நுனியில் நீண்ட கதிராக இருந்து, இலைக்குக் காம்பே இல்லாமல் சாம்பல் நிறத்தில் மயிர் அடர்ந்திருந்தால் மெந்தா லாஞ்சிஃபோலியா. நுனியில் பந்து போலத் திரண்டிருந்தால் மெந்தா அக்வாட்டிகா, அதாவது நீர்ப்புதினா. நுனியில் இலைகளே இருந்து, அதற்குக் கீழே ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் பூக்கள் வளையமாகச் சுற்றியிருந்தால் மெந்தா ஆர்வென்சிஸ்.

லாஞ்சிஃபோலியா என்றால் பைப்பரிட்டோன் ஆக்சைடு, பைப்பரிட்டெனோன் ஆக்சைடு, புலிகோன், கார்வோன் என்று செடிக்குச் செடி வேறு வேதிவகை (எண்ணெயின் முக்கியச் சேர்மத்தால் பிரியும் வகை) வரலாம். அக்வாட்டிகாவின் அடையாளமே மென்தோஃபியூரான்தான். இனத்தின் பெயர் இல்லாமல் எண்ணெய் அட்டவணையை வைத்துக்கொண்டு எதுவும் பேச முடியாது.

இளந்தளிர்

கக்கத்தில் வளையமாகத்தான் இருந்தது ஐயா. வெளிர் ஊதா. உச்சியில் இலைகள்தான். உலர்மாதிரியையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

செடிநோக்கி

அப்படியானால் ஆர்வென்சிஸ் வட்டாரம். உலர்மாதிரி வைத்தது மிக நல்ல காரியம், அதைப் பத்திரப்படுத்துங்கள். ஆர்வென்சிஸ் என்ற பெயரின் கீழ் நெடுங்காலம் சேர்த்தே எழுதப்பட்ட மெந்தா கனடென்சிஸும் உண்டு. ஆர்வென்சிஸுக்கு 72 குரோமோசோம், கனடென்சிஸுக்கு 96. மென்தால் படிகத்துக்காகப் பயிரிடுவது இந்தப் பின்னதன் வழி வந்த வகைகளைத்தான். அவற்றின் எண்ணெயில் மென்தால் 70 சதவீதத்தைத் தாண்டும், குளிரவைத்தாலே ஊசி ஊசியாகப் படியும். தானாக முளைத்த காட்டுச் செடியிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எத்தனை செடிகளை ஒன்றாகக் கலந்தீர்கள்? ஓடுதண்டால் பரவிய ஒரே குத்து என்றால் எல்லாம் ஒரே செடி மாதிரிதான். விதையில் முளைத்தவை என்றால் பக்கத்துப் பக்கத்துச் செடியே வேறு வேதிவகையாக இருக்கலாம். இலைக்கு ஒரு செடி, பூவுக்கு வேறு செடி என்று ஆகியிருந்தால் உங்கள் ஒப்பீடே விழுந்துவிடும்.

இளந்தளிர்

ஒரே குத்து. எல்லாச் செடியிலிருந்தும் நான்கு உறுப்புகளையும் எடுத்தேன். அதில் சந்தேகம் இல்லை.

வடிகுழல்

நல்லது. இனி தண்டு விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளம்மா.

புதினா எண்ணெய் செடி முழுக்க ஊறிக் கிடக்கும் பொருள் இல்லை. அது இருக்கும் இடம் சுரப்பித் தூவிகள். இலையின் அடிப்பக்கத்தைப் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையில் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார். நரம்புகளுக்கு இடையே சின்னச் சின்னப் பொன்னிறப் புள்ளிகள் பனித்துளி மாதிரி மின்னும். ஒவ்வொன்றும் ஒரு சுரப்பி. அடியில் ஒரு செல், அதன் மேல் காம்பாக ஒரு செல், அதற்கும் மேல் வட்டமாக எட்டுச் செல்கள். அந்த எட்டும் எண்ணெயைச் சுரந்து, தங்கள் மேலிருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் தள்ளுகின்றன. தோல் கொப்புளம் போல உப்புகிறது. நீ வடிகலத்தில் செய்தது இந்தக் கொப்புளங்களை உடைத்து எண்ணெயை ஆவியோடு ஏற்றியதுதான்.

இப்போது அதே வில்லையை வைத்துத் தண்டைப் பார். நீளமான சாதாரண மயிர்கள் தெரியும். பொன்புள்ளிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுரப்பி இல்லாத இடத்தில் எண்ணெய் எங்கிருந்து வரும்? உனக்குத் துளிகள் மட்டும் கிடைத்ததற்குக் காரணம் இதுதான்.

உன் அட்டவணையில் ஒவ்வொரு உறுப்பின் கூட்டுத்தொகையும் 100. அந்த 100 எதன் 100 என்பதை அட்டவணை சொல்லாது. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இலை 100 கிராமுக்கு 1 மில்லி எண்ணெய் தருகிறது, அதில் மென்தோன் 20 சதவீதம். தண்டு 100 கிராமுக்கு 0.05 மில்லி, அதில் மென்தோன் 40 சதவீதம். இலையிலிருந்து கிடைத்த மென்தோன் 0.2 மில்லி, தண்டிலிருந்து 0.02 மில்லி. சதவீதத்தில் இரு மடங்கு காட்டிய தண்டு, அளவில் பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. புரிந்துகொள்ள வசதியாக எடுத்த எண்கள்தான் இவை. உன் குழாயில் அளந்ததைப் போட்டு நீயே கணக்கிடு. அதன் பிறகு "தண்டு நல்ல மூலம்" என்ற வரியை உன்னால் எழுத முடியாது.

அப்புறம், தண்டிலிருந்து இலையை எப்படிப் பிரித்தாய்? உலர்ந்த பிறகு உருவினால் காம்புத் துணுக்கும் இலைத்தூளும் தண்டிலேயே தங்கிவிடும். உன் "தண்டு எண்ணெய்" உண்மையில் ஒட்டியிருந்த இலைத்தூளின் எண்ணெயாகவும் இருக்கலாம்.

இளந்தளிர்

உலர்ந்த பிறகுதான் உருவினேன்... மயிரில் தூள் ஒட்டியிருந்தது நினைவிருக்கிறது. ஊதிவிட்டு அப்படியே போட்டேன்.

வடிகுழல்

பச்சையாக இருக்கும்போதே காம்போடு கிள்ளிப் பிரித்து, அதற்குப் பிறகு தனித்தனியே உலர்த்த வேண்டும். உலர்ந்த சுரப்பி தொட்டாலே உடையும். உடைந்தால் எண்ணெய் கையோடு போய்விடும்.

கரிமக்குறிப்பு

வடிகுழல் ஐயா சொன்னதில் ஒரு பகுதிக்கு நான் உடன்பட மாட்டேன். எவ்வளவு எண்ணெய் என்பது ஒரு கேள்வி, எந்த வேதிப்பாதை ஓடுகிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்குச் சதவீதம்தான் சரியான அளவுகோல். இளந்தளிரின் பூ முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெறும் விளைச்சல் வேறுபாடு இல்லை, பாதை வேறு இடத்தில் நிற்கிறது.

தங்கச்சி, இந்தப் பாதையை மனதில் போட்டுக்கொள், உன் பீக்குகள் (ஜிசி வரைபடத்தில் சேர்மங்கள் காட்டும் முகடுகள்) தாமாகப் பேசும். தொடக்கம் லிமோனீன். அதன் மூன்றாம் கரி அணுவில் ஆக்சிஜன் ஏறினால் ஐசோபைப்பரிட்டெனால், அடுத்து ஐசோபைப்பரிட்டெனோன், அதன் பின் ஐசோபுலிகோன், பிறகு புலிகோன். புலிகோனில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் அது ஒடுக்கமடைந்து மென்தோன் ஆகி, கடைசியில் மென்தால் ஆகிறது. மற்றக் கிளையில் ஆக்சிஜன் ஏறி வளையம் மூடி மென்தோஃபியூரான் ஆகிறது. அங்கிருந்து திரும்பி வர வழி இல்லை.

பூவில் புலிகோனும் மென்தோஃபியூரானும் சேர்ந்தே ஏறுவது தற்செயல் இல்லை. மிளகுப் புதினாவில் (பெப்பர்மின்ட்) இதை அழகாகக் காட்டியிருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராட்னி குரோட்டோவின் ஆய்வகம் 2001-ல் மென்தோஃபியூரானை ஆக்கும் நொதியின் அளவைக் குறைத்தது. மென்தோஃபியூரான் மட்டும் இல்லை, புலிகோனும் கூடவே குறைந்தது. புலிகோனை மென்தோனாக மாற்றும் நொதியை மென்தோஃபியூரானே தடுக்கிறது என்று 2008-ல் விளங்கியது. அதாவது ஒரு கிளையின் விளைபொருள் மற்றக் கிளையின் வாயிலை அடைக்கிறது. மிளகுப் புதினாப் பூக்களின் எண்ணெயில் இந்த இரண்டும் தூக்கலாக இருப்பது வடிப்பவர்கள் நெடுநாளாக அறிந்த விஷயம். பூ முற்றிய பிறகு அறுத்தால் எண்ணெயின் தரம் இறங்குகிறது என்று அவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செடிநோக்கி

ஒரு சின்னத் திருத்தம். "பூ எண்ணெய்" என்று சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு இதழிலிருந்து வருவதில்லை. புல்லிவட்டத்தின் வெளிப்புறத்தை வில்லையில் பாருங்கள், பொன்புள்ளிகள் அங்கேதான் நெருக்கமாக இருக்கும். இதழ் உதிர்ந்த பிறகும் புல்லி நிற்கும். அதனால் எந்த நிலைப் பூவைக் கிள்ளினீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கக்கத்தில் பூக்கும் இந்த இனத்தில் கீழ் வளையம் காயாகிவிட்டிருக்கும்போது மேல் வளையம் மொட்டாகத்தான் இருக்கும்.

வடிகுழல்

கரிமக்குறிப்பு சொன்னதை ஏற்கிறேன். பாதையைப் பற்றிப் பேச சதவீதம் வேண்டும். "மூலம்" என்ற சொல்லைப் போட்டால்தான் விளைச்சல் கட்டாயம். இளந்தளிர் அந்தச் சொல்லைப் போட்டதால்தான் அவ்வளவு அழுத்திச் சொன்னேன். அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகளையும் கொடுத்துவிட்டால் யாருக்கும் குழப்பம் இல்லை.

இலைக்குள்ளேயும் இதே கதை உண்டு. எல்லா இலையையும் ஒன்றாகப் போட்டு வடித்தால் கிடைப்பது சராசரி. மிளகுப் புதினா இலை எண்ணெயை ஆக்குவது அதன் 12-ஆம் நாள் முதல் 20-ஆம் நாள் வரை. குரோட்டோ குழுவினர் 2000-ல் அளந்து காட்டியது இது. அதற்குப் பிறகு புதிய எண்ணெய் பெரிதாகச் சேர்வதில்லை, இருக்கும் மென்தோன் மெல்ல மென்தாலாக மாறுகிறது. அதனால் நுனி இலையில் மென்தோன் அதிகம், அடி இலையில் மென்தால் அதிகம். ஒரே கிளையை மேலிருந்து கீழாக முகர்ந்தாலே மூக்குக்குத் தெரியும். மேலே காரமும் பச்சை வாடையும், கீழே குளிர்ச்சி. தண்டு மாதிரியில் நீ நுனிக்குருத்துகளையும் சேர்த்திருந்தால் மென்தோன் ஏறியதற்கு அதுவே போதும்.

இளந்தளிர்

நுனியைக் கிள்ளாமல் தண்டோடு விட்டுவிட்டேன் ஐயா. சின்னக் குருத்துதானே என்று நினைத்தேன். இப்போது புரிகிறது.

வேர் மட்டும் இன்னும் புதிராக இருக்கிறது. கருவியின் நிறமாலை நூலகத்தோடு ஒப்பிட்டால் கார்வோன் என்று பொருத்தம் 96 காட்டுகிறது. இலையில் கார்வோன் இல்லவே இல்லை. வேரில் தனிப் பாதை ஓடுகிறதா?

கரிமக்குறிப்பு

பொருத்தம் எவ்வளவு என்பதை விடு. ரிடென்ஷன் இண்டெக்ஸ் (ஆல்கேன்களோடு ஒப்பிட்டு, சேர்மம் வெளிவரும் இடத்தைச் சொல்லும் எண்) கணக்கிட்டாயா? ஆல்கேன் வரிசையை அதே நிலையில் ஓட்டினாயா? நிறமாலையில் மிக உயரமான முக்கிய அயனி என்ன?

இளந்தளிர்

ஆல்கேன் ஓட்டினேன். டிபி-5 கேபிலரியில் (ஜிசியின் பிரிப்புக் குழாய்) 1243 வருகிறது. முக்கிய அயனி 82, மூலக்கூறு அயனி 150.

கரிமக்குறிப்பு

சரி, அது கார்வோன்தான். புலிகோன் 1237-ல் வரும், ஆனால் அதற்கு 81-ம் 152-ம் வேண்டும். அடையாளம் கண்டதில் தவறு இல்லை. ஆனால் அது வேரிலிருந்து வந்தது என்பதை எப்படி நிரூபிப்பாய்?

இலையில் ஒரு சுவடுகூட இல்லாத கார்வோன் வேரில் முதலிடம் என்றால் எனக்கு உடனே நெருடுகிறது. லிமோனீனின் ஆறாம் கரியில் ஆக்சிஜன் ஏறினால் கார்வியால், அதிலிருந்து கார்வோன். மூன்றாம் கரியில் ஏறினால் மென்தால் பக்கம். எந்தக் கரியில் ஏறும் என்பதை நொதிதான் முடிவு செய்கிறது. ஈட்டிப் புதினாவின் (ஸ்பியர்மின்ட்) நொதியில் 363-ஆம் இடத்தில் இருக்கும் ஃபினைல்அலனைனை ஐசோலூசினாக மாற்றியதும் அது ஆறாம் கரியை விட்டு மூன்றாம் கரிக்குத் தாவியது. குரோட்டோ ஆய்வகத்தின் 2000-ஆம் ஆண்டு வேலை. ஒரே ஒரு அமினோ அமிலம்! எனக்கு இந்தத் துறையில் ஆசை பிறந்ததே அதைப் படித்த அன்றுதான். அப்படியிருக்க, சுரப்பியே இல்லாத வேரில் மட்டும் கார்வோன் நொதி தனியாக ஓடுகிறது என்று சொல்ல மிக வலுவான சான்று வேண்டும்.

வடிகுழல்

உன் கிளெவெஞ்சரில் உனக்கு முன்னால் யார் எதை வடித்தார்கள்?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் வேர் ஒன்றை வடித்து, யாரும் சொல்லாத ஒரு சேர்மத்தைக் கண்டுவிட்டதாக நம்பினேன். இரண்டு மாதம் அதையே துரத்தினேன். கடைசியில் வெறும் தண்ணீரை ஊற்றி மூன்று மணி நேரம் வடித்தேன். அதே பீக், அதே இடம். முந்தைய மாதிரியின் எண்ணெய் குளிர்குழாயின் வளைவில் தங்கியிருந்திருக்கிறது. இலையை வடிக்கும்போது அது தெரியாது, ஏனென்றால் இலை எண்ணெய் அதை மூழ்கடித்துவிடும். வேரிலோ எண்ணெயே இல்லை, அதனால் மிச்சம் மட்டும் மேடையேறி நிற்கும். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

வெறும் நீரை வடித்துப் பார். வேறு எதுவும் செய்வதற்கு முன் அதைச் செய்.

தேன்துளி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் ஆய்வாளர் இல்லை, வீட்டில் புதினா வகைகள் வளர்க்கிறேன். சிறிய வடிகலம் வாங்கியிருக்கிறேன். காட்டுப் புதினாவை முழுச் செடியாக, பூவோடு வடித்து, அந்த எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் உள்ளே எடுத்துக்கொள்ளலாமா?

கரிமக்குறிப்பு

வேண்டாம் அக்கா, தயவுசெய்து வேண்டாம். புலிகோன் கல்லீரலைக் கெடுக்கும் பொருள். உடலுக்குள் போனதும் அதன் ஒரு பகுதி மென்தோஃபியூரானாக மாறி, அதுவும் கல்லீரலைத் தாக்குகிறது. புலிகோன் நிறைந்த பென்னிராயல் புதினா எண்ணெயைக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புலிகோனை 2பி பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய மருந்து நூல் மிளகுப் புதினா எண்ணெயில் மென்தோஃபியூரானுக்கும் புலிகோனுக்கும் உச்சவரம்பு வைத்திருப்பது சும்மா இல்லை. உங்கள் செடி எந்த வேதிவகை, பூவில் எவ்வளவு புலிகோன் என்பது ஜிசி இல்லாமல் யாருக்கும் தெரியாது. முகர்ந்து மகிழுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேன்துளி

நல்லவேளை கேட்டேன். நன்றி தம்பி.

இளந்தளிர்

வெறும் நீர் வடித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

1243-ல் பீக் நிற்கிறது. 82, 150. கார்வோன்தான். நீரில்!

ஆய்வகப் பதிவேட்டைப் புரட்டினேன். எனக்கு முந்திய பக்கத்தில், கார்வோன் நிறைந்த ஈட்டிப் புதினா வடித்ததாக எழுதியிருக்கிறது. இன்னொன்றும் கண்டேன். என் வேர் ஓட்டத்தின் பின்பகுதியில் 149 முக்கிய அயனியாக ஒரு பெரிய பீக் இருந்தது. அதை "வேரின் எஸ்டர்" என்று எழுதி வைத்திருந்தேன். நீர் ஓட்டத்திலும் அதே உயரத்தில் இருக்கிறது.

கரிமக்குறிப்பு

149 என்றால் தாலேட். பிளாஸ்டிக்கிலிருந்து வருவது. ஹெக்ஸேனைப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தாயா? ரப்பர் குழாயில் பட்டதா? 207, 281 என்று வருபவை இருந்தால் அவையும் செடியுடையவை இல்லை, கேபிலரியின் உள்பூச்சு கசிவது. மூன்றையும் அடித்துவிடு.

இளந்தளிர்

அலசுவதற்குப் பிளாஸ்டிக் பீச்சுப் பாட்டிலைத்தான் பயன்படுத்தினேன். கண்ணாடிக்கு மாறிவிட்டேன். கலத்தை அசிட்டோனில் அலசி, வெறும் நீரை இரண்டு முறை வடித்து, பீக் மறைந்ததை உறுதி செய்துகொண்டு வேரை மறுபடி வடித்தேன். கார்வோன் இல்லை. கடைசியில் ஹெக்ஸாடெக்கனோயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அகலமாக நிற்கிறது, அவ்வளவுதான். வேருக்கு நறுமண எண்ணெய் இல்லை என்று எழுதலாமா?

செடிநோக்கி

"அளக்கும்படி கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். அதுதான் நீங்கள் கண்டது. நீங்கள் வேர் என்று வடித்ததில் ஓடுதண்டும் இருந்ததா? புதினாவில் மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடுவது வேர் இல்லை, தண்டு. அதில் கணு இருக்கும், செதில் இலையும் மொட்டும் இருக்கும். மெல்லிய நார்போலத் தொங்குவதுதான் வேர். இரண்டையும் பிரிக்காமல் "வேர்" என்று ஒரே நெடுவரிசை போட்டால் தாவரவியல் தெரிந்தவர் முதல் பார்வையிலேயே கேட்பார்.

இளந்தளிர்

கலந்துதான் இருந்தது ஐயா. பிரித்துவிடுகிறேன். நுனிக்குருத்தைக் கிள்ளிவிட்டு, பச்சையிலேயே இலை நீக்கிய தண்டையும் மறுபடி வடித்தேன். இம்முறை துளிகள் முன்னதைவிடக் குறைவு. மென்தோன் சதவீதம் இலையைவிடக் கீழே இறங்கி, ஜெர்மாக்ரீன் டி-யும் பீட்டா கேரியோஃபிலினும் மேலே வந்திருக்கின்றன. முடிவுரையின் அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன்.

பூவில் ஒரு சந்தேகம் மட்டும் மீதி. மென்தோஃபியூரான் என்று நான் எழுதியது ஐசோமென்தோனாகவும் இருக்கலாமோ? இரண்டும் ஒட்டி வருகின்றன.

கரிமக்குறிப்பு

நல்ல கேள்வி, இதைக் கேட்க மாட்டாயோ என்று காத்திருந்தேன். டிபி-5-ல் ஐசோமென்தோன் 1162, மென்தோஃபியூரான் 1164. இண்டெக்ஸ் மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பீக்கின் முன்சரிவில் ஒரு முறையும் பின்சரிவில் ஒரு முறையும் நிறமாலையை எடு. 112-ம் 154-ம் இருந்தால் ஐசோமென்தோன். 108-ம் 150-ம் இருந்தால் மென்தோஃபியூரான். முன்னால் 112, பின்னால் 108 என்று மாறினால் இரண்டும் ஒரே பீக்குக்குள் இருக்கின்றன. அப்போது உள்பூச்சு வேறான வேக்ஸ் வகைக் கேபிலரியிலும் ஓட்டிப் பார். எண்ணெயை நிறமுள்ள சீசாவில், குளிர்ச்சியில் வை. மென்தோஃபியூரான் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றமடையும், எண்ணெய் மஞ்சளாகும். பழைய மாதிரியை ஓட்டினால் அதன் அளவு குறைந்தே தெரியும்.

இளந்தளிர்

முன்சரிவில் 112. பின்சரிவில் 108. இரண்டும் இருக்கின்றன. நாளைக் காலையில் வேக்ஸ் கேபிலரி கிடைக்கும், மாற்றி ஓட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.